கடத்தூர் பக்கம் ஒரு மெக்சிகோ சுவர்

போகிக்கு இரண்டு மூன்று நாள் இருக்கும்போது, சேலம் பேருந்து நிலையத்தில் மூட்டை முடிச்சு இல்லாமல் நின்றவன் அநேகமாக நான் ஒருவன்தான். மற்றவர்கள் தோளில் புதுத்துணிப் பொட்டலம், இடுப்பில் குழந்தை, கக்கத்தில் சேவல் என்று முண்டியடித்து ஏறிக்கொண்டிருந்தார்கள். என்னிடம் ஒரு தோள்பையும் இரவல் வாங்கிய கேமராவும் இருந்தன. எப்படியோ ஜன்னலோரம் இடம் கிடைத்தது. பக்கத்தில் உட்கார்ந்தவர் மடியில் ஒரு பெரிய பரங்கிக்காயை வைத்துக்கொண்டு, வண்டி கிளம்புவதற்கு முன்பே விசாரணையைத் தொடங்கிவிட்டார்.

"யாரு வூட்டுக்குங்க?"

"தெரியலைங்க. போய்த்தான் கண்டுபிடிக்கணும்."

"பொண்ணு பாக்கப் போறீங்களா?"

"இல்லைங்க. ஒரு சுவத்தைப் பாக்கப் போறேன்."

அவர் பரங்கிக்காயைக் கொஞ்சம் தன் பக்கம் இழுத்துக்கொண்டார். அப்புறம் தொப்பூர் வரை பேச்சே இல்லை.

அவரைக் குற்றம் சொல்ல முடியாது. நான் போன காரியம் அப்படி. அறுபதுகளின் பின்பாதியில், உபகாரச் சம்பளத்தில் சுவரோவியம் கற்றுக்கொள்ள மெக்சிகோ போனவன் நான். அந்த ஊரில் ஓவியன் என்றால் சுவர்தான். அரண்மனை, பள்ளிக்கூடம், ஆஸ்பத்திரி, சந்தை, எங்கே நிமிர்ந்தாலும் உழவர்களும் குதிரைகளும் துப்பாக்கிகளும் உங்கள் தலைக்கு மேல் போய்க்கொண்டிருக்கும். புரட்சி முடிந்த கையோடு, எழுத்துத் தெரியாத ஜனங்களுக்கு அவர்கள் கதையைச் சுவரிலேயே சொல்லிவிடுவோம் என்று கிளம்பிய ஓவியர்கள் அவர்கள். நான் போய்ச் சேர்ந்தபோது அவர்களில் பெரிய தலைகள் பல சாய்ந்துவிட்டன. மிச்சமிருந்த ஒரு கிழவரிடம் சுண்ணாம்பு சுமக்கும் வேலை எனக்குக் கிடைத்தது.

கிழவர் வேலை பார்ப்பதைவிட அதிகமாகக் கதை சொல்வார். வாலிபத்தில் இடுப்பில் துப்பாக்கி செருகிக்கொண்டுதான் சாரத்தில் ஏறுவார்களாம். ஒருவன் வரைந்த குதிரையை இன்னொருவன் ஆடு என்பான், அதற்கு அடிதடி நடக்கும். படம் பிடிக்காத பெரிய மனிதர்கள் ஆள் வைத்து ராவோடு ராவாக வெள்ளையடித்துவிடுவார்கள் என்று பயந்து, சுவருக்குக் கீழேயே பாய் போட்டுப் படுத்துக் காவல் இருந்திருக்கிறார்கள். வெள்ளையடிப்பது என்ற சொல்லைக் கிழவர் கெட்ட வார்த்தை மாதிரித்தான் உச்சரிப்பார். நானும் அப்படியே பழகிவிட்டேன்.

அந்தக் கிழவர் வீட்டுக்கு இரண்டு தெரு தள்ளி எஸ்பெரான்சா இருந்தார். அவரும் ஓவியர்தான், அவர்கள் வயதுக்காரர்தான். ஆனால் அவர் வரைந்தது எல்லாம் சின்னச் சின்னப் பலகைகளில், தகரத் துண்டுகளில். அறுத்து வைத்த தர்ப்பூசணி, காலியான தொட்டில், யாரும் உட்காராத நாற்காலி, இப்படி. வாலிபத்தில் அவரும் ஒரு சுவர் கேட்டிருக்கிறார். பாவாடையோடு சாரத்தில் ஏறினால் கீழே நிற்கிற கொத்தனார் வேலை பார்ப்பானா என்று கேட்டுச் சிரித்தார்களாம். புரட்சி பேசிய அதே வாய்கள்தான். மறுபடி கேட்டார், மறுபடி சிரித்தார்கள். பிறகு அவர் கேட்பதை விட்டுவிட்டார்.

நான் ஊர் திரும்பும் சமயம் அங்கே சுவரோவியர்களைப் பற்றி ஒரு பெரிய புத்தகம் தயாராகிக்கொண்டிருந்தது. அதைத் தொகுத்தவர்கள் எஸ்பெரான்சாவிடம் மரியாதையாகச் சொல்லிவிட்டார்கள்: உங்களுக்குத்தான் சுவரே இல்லையே, அம்மா. அவர் சொன்னார்: எனக்கும் ஒரு சுவர் இருக்கிறது, இந்தியாவில். அவர்கள் சிரிக்கவில்லை, புன்னகை செய்தார்கள். அதுதான் அவருக்குத் தாங்கவில்லை.

விஷயம் இதுதான். அவர் கணவர் மக்காச்சோள நிபுணர். அறுபதுகளின் தொடக்கத்தில் விதைச் சோளம் பரப்புகிற வேலையாகத் தருமபுரிப் பக்கம் வந்தபோது மனைவியையும் கூட்டி வந்திருக்கிறார். அவர் ஜீப்பில் காடு காடாகச் சுற்ற, எஸ்பெரான்சா பயணியர் மாளிகையில் விட்டத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஒருநாள் அவரும் கூடப் போனபோது ஜீப் நின்றுவிட்டது. ஒதுங்கிய இடத்தில் புதுசாக ஒரு வீடு கட்டிக்கொண்டிருந்தார்கள். கொத்தனார் சுண்ணாம்புச் சாந்தை ஈரத்தோடு சுவரில் தேய்த்துக்கொண்டிருந்தார். எஸ்பெரான்சா கையைக் காட்டி அந்தச் சுவரைக் கேட்டார். அந்த வீட்டுக்காரர்கள் சரி என்றுவிட்டார்கள். அவ்வளவு சுலபமாக. அவர் வாழ்க்கையில் வரைந்த ஒரே சுவர் அது. கணவரின் கேமரா அப்போது ஜீப்போடு பழுதுபார்க்கப் போயிருந்தது. இப்போது கணவரும் இல்லை.

"நீ போய் ஒரு படம் எடுத்து அனுப்பு. அவர்கள் பார்க்கட்டும்" என்றார் என்னிடம். படுக்கையில் சாய்ந்தபடிதான் சொன்னார். இடுப்பு ஒத்துழைக்கவில்லை, நுரையீரலும் சரியில்லை. ஊர்ப் பெயர் அவருக்கு நினைவில்லை. கடத்தூர் என்ற சந்தை ஊருக்கும் ரயில் நிற்கிற பொம்மிடிக்கும் நடுவில் எங்கோ. வீட்டுக்காரி பெயர் தாயா.

தொப்பூர் கணவாயில் வண்டி நின்றது. முன்னால் பொங்கல் கரும்பு ஏற்றிவந்த லாரி ஒன்று வளைவில் குடைசாய்ந்து, ரோடு முழுக்கக் கரும்பு. யாருக்கும் அடியில்லை. ஓட்டுநர் மதகின் மேல் உட்கார்ந்து தன் சரக்கையே ஒரு துண்டு கடித்துக்கொண்டிருந்தார். மெக்சிகோ மலைப்பாதையில் பஸ் நின்றுபோனால் ஓட்டுநர் கண்ணாடிக்கு மேல் ஒட்டியிருக்கும் மாதாவைப் பார்த்துச் சிலுவை போட்டுக்கொள்வார், பயணிகள் பாட ஆரம்பிப்பார்கள். நம் ஊரில் இறங்கி நின்று ஆளுக்கொரு யோசனை சொல்கிறோம். யோசனை சொன்ன களைப்புத் தீர எல்லோரும் கரும்பு தின்றார்கள். பரங்கிக்காய்க்காரர் மனசு இளகி எனக்கும் ஒரு துண்டு ஒடித்துக்கொண்டு வந்தார்.

"பொங்கலுக்கு முன்னாடி திங்கக்கூடாதுங்க. ஆனா ரோட்டுல கெடந்தா தோசமில்ல."

தின்றேன். அந்த நாளில் என்னிடம் யாரோ பிரியமாக நீட்டிய ஒரே பண்டம் அது. வண்டி நகரும்போது பொழுது சாய்ந்துவிட்டது.

தருமபுரியில் விடுதிக்காரர் பதிவு எழுதும்போதே கேட்டார், "பண்டிகைக்கு வூட்டுக்குப் போவலீங்களா?" வேலை இருக்கிறது என்றேன். உண்மை என்னவென்றால் போக வீடு இல்லை. நான் அயல்நாட்டில் இருந்தபோது அம்மா போய்விட்டாள். திரும்பி வந்தபோது சைதாப்பேட்டை வீட்டில் என் அறை அண்ணன் மகளின் படிப்பறையாகியிருந்தது. அண்ணி நல்லவள். "கூடத்துல படுத்துக்கோயேன்" என்றுதான் சொன்னாள். யார் மேலும் தப்பில்லை. காலி இடம் எவ்வளவு நாள் காலியாகவே இருக்கும்? கூடத்தில் ஒரு மாதம் படுத்துப் பார்த்துவிட்டுத் திருவல்லிக்கேணியில் அறை எடுத்துக்கொண்டேன். ஐந்தாறு மாதமாக அங்கேதான். பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளுக்குப் பூசணிக்காய் வரையச் சொல்லிக்கொடுக்கிறேன். மெக்சிகோவில் படித்த படிப்புக்கு இங்கே யாரும் சுவர் தருவதில்லை, சினிமாவுக்கும் கட்சிக்கும்தான் தருகிறார்கள்.

எதிர்க் கடையில் இட்லி சாப்பிட்டுவிட்டு அறைக்குத் திரும்பினேன். ஜன்னலுக்கு வெளியே பேருந்துகளிலிருந்து ஜனங்கள் இறங்கி, வந்து காத்திருந்தவர்களோடு சத்தமாகப் பேசிக்கொண்டு போனார்கள். எனக்கு எஸ்பெரான்சா வீட்டில் நவம்பர் மாதம் கொண்டாடிய பண்டிகை நினைவுக்கு வந்தது. செத்துப்போனவர்கள் அன்றைக்கு வீட்டுக்கு வருவார்கள் என்பது அவர்கள் கணக்கு. மஞ்சள் செவ்வந்தியை வாசலிலிருந்து வழி காட்டித் தூவி, கணவருக்குப் பிடித்த சோள அப்பமும் மிளகாய்க் குழம்பும் தட்டில் வைத்து, நாற்காலியை இழுத்துப் போட்டுவிட்டு எஸ்பெரான்சா காத்திருப்பார். நாலு வருடமும் அந்த மேஜையில் நானும் அவரும் அந்தக் காலி நாற்காலியும்தான். அன்றைக்கு அவரைப் பார்த்துப் பாவம் என்று நினைத்தேன். தருமபுரி விடுதியில் என்னைப் பார்த்து யார் பாவம் என்று நினைப்பது என்று தெரியவில்லை.

மறுநாள் காலையில் கடத்தூர். பொங்கல் சந்தையில் மஞ்சள் கொத்தும் மண்பானையும் மாட்டுக் கயிறுமாகக் கால் வைக்க இடமில்லை. சுவர் விஷயம் என்றால் சுண்ணாம்புக் கடையில் கேட்பதுதான் புத்தி என்று தோன்றியது. சுண்ணாம்பு, காவி, நீலம், வெள்ளையடிக்கும் மட்டை எல்லாம் விற்கும் கடை ஒன்றில் காதர் பாய் என்பவர் கைமுழுக்க வெள்ளையோடு நிறுத்துக்கொண்டிருந்தார். நான் விவரம் சொன்னதும் தராசைக் கீழே வைத்தார்.

"அட, சோளக்காரரு சம்சாரமா! எப்புடி மறப்பேன்? வெளிநாட்டம்மான்னு பாத்தா நம்ம நெறமா இருக்காங்க. கடைல இருந்த காவி அத்தனையும் கொட்டச் சொல்லி, தண்ணி தெளிச்சுத் தெளிச்சுப் பாத்தாங்க. ஒரு மணி நேரம் யாவாரம் படுத்துருச்சு. கடசில ஒண்ணும் வேணாம்னுட்டு, நீலம் மட்டும் வாங்கிக்கிட்டு, ஏரிக்கரைல போயி மண்ண அள்ளிக்கிட்டுப் போனாங்க!"

"எந்த ஊருக்குப் போனாங்கன்னு தெரியுமா?"

"ஊரு என்னங்க ஊரு, ஆளே இங்கதான் நிக்கறாரு. மாரப்பண்ணே, உங்க வூட்டுக்கு விருந்தாளி."

தெருவோரம் நின்ற மாட்டுவண்டியில் சுண்ணாம்பு மூட்டை ஏற்றிக்கொண்டிருந்தவர் திரும்பினார். ஐம்பது வயதிருக்கும், தலையில் துண்டு. எஸ்பெரான்சா பெயரைச் சொன்னதும் முகம் மலர்ந்தது. அந்தப் பெயரை அவர் சொல்லவில்லை, "அந்தம்மா" என்றுதான் சொன்னார். ஏறுங்கள் என்றார். சுண்ணாம்பு மூட்டை மேலேயே உட்கார்ந்துகொண்டேன்.

"சுவர் நல்லா இருக்குங்களா?" வழியில் பயந்து பயந்து கேட்டேன்.

"ஜம்முனு இருக்குதுங்க. ஒரு கீறல் வுழுவல. கடுக்கா தண்ணியும் வெல்லமும் போட்டுப் பூசுன சுவராச்சே."

மெக்சிகோவில் சுண்ணாம்பில் சப்பாத்திக்கள்ளிச் சாற்றைச் சேர்ப்பார்கள் என்று சொன்னேன். அவர் ரொம்பச் சிரித்தார். வழியெல்லாம் வேலியில் அதே கள்ளிதான் நின்றது. அவர்கள் சோளத்தையே சுண்ணாம்புத் தண்ணீரில் வேகவைத்து அரைத்துத்தான் அப்பம் சுடுவார்கள் என்றதும் சிரிப்பை நிறுத்திவிட்டு, "வயிறு வெந்துராதுங்களா?" என்று கவலைப்பட்டார். நாம் வெற்றிலையோடு தின்கிறோமே என்றேன். அது சரிதான் என்று ஒப்புக்கொண்டார். எனக்கு மனசு லேசாகியிருந்தது. கேமராவில் பிலிம் சரியாகச் சுற்றுகிறதா என்று இரண்டு முறை பார்த்துக்கொண்டேன்.

வீட்டு வாசலில் சாமான்கள் எல்லாம் வெளியே கிடந்தன. வெள்ளையடிக்கத் தயார். தாயம்மாள் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டே வந்தார். நாற்பது வயதுக்காரி, வேலை செய்து இறுகிய கைகள். கணவர் சொன்னதைக் கேட்டதும் எனக்குப் பின்னால் எட்டிப் பார்த்தார்.

"அவங்க வரலீங்களா?"

"இல்லைங்க. நான் மட்டும்தான்."

முகம் கொஞ்சம் வாடிவிட்டது. ஆனாலும் "வாங்க, மொதல்ல சுவத்தப் பாருங்க" என்று உள்ளே கூட்டிப்போனார்.

நீளமான கூடம். மூன்று சுவர்களில் காலண்டர், கண்ணாடி, சாமி படம், ஆணியில் தொங்கும் சட்டை, கீழே போன பொங்கலுக்கு அடித்த காவிப்பட்டை. நாலாவது சுவர் வெறும் வெள்ளை. ஒரு ஆணி இல்லை, ஒரு பட்டை இல்லை. தலைமுதல் அடிவரை வெள்ளை. தாயம்மாள் அதன் பக்கத்தில் நின்று, பிள்ளையைக் காட்டுவதுபோல் பெருமையாகக் காட்டினார்.

எனக்குக் கோபம் தலைக்கேறியது. மரியாதை எல்லாம் பறந்துவிட்டது. "யாருங்க இதுக்கு வெள்ளையடிக்கச் சொன்னது?" என்று கத்திவிட்டேன்.

தாயம்மாள் திகைத்துப்போனார். "யாரு சொல்லணுங்க? பொங்கலு வந்தா அடிக்கறதுதானுங்க?"

"படம் இருந்துச்சே!"

"இருந்துச்சுங்க. அந்த வருசத்துப் படம். ஊரே வந்து பாத்துச்சு. அடுத்த போகி வந்துச்சு. நாலு சுவத்துல ஒண்ண மட்டும் வெள்ளையடிக்காம வுட்டா, வர்றவங்க என்ன கேப்பாங்க? சாவு வூட்லதானுங்க வெள்ளையடிக்க மாட்டாங்க. அந்தம்மா படம் போட்ட சுவத்த சாவு வூட்டுச் சுவரு மாதிரி வெச்சிருக்க முடியுங்களா?"

அவரே தொடர்ந்தார்.

"நாங்க வாசல்ல போடற கோலம் நாளைக்கு இருக்காது, நாளைக்கு வேற போடுவோம். காவிப்பட்டை வருசா வருசம் புதுசா அடிப்போம். அவங்களும் அடுத்த பொங்கலுக்கு வந்து புதுப் படம் போட்டுக்குவாங்கன்னுதான் இருந்தோம். பழசு மேலயே எப்புடிப் போடுவாங்க? அதான் அடிச்சு வெச்சோம். அப்பறம் வரல. தூரதேசம், வரத் தோது இருந்திருக்காது. ஆனா வந்தா? அதனால வருசா வருசம் மொதல்ல இந்தச் சுவத்துக்குத்தான் அடிக்கறது. பட்டை போடறதில்ல, ஆணி அடிக்கறதில்ல. எம் பொண்ணு கண்ணாலத்துக்குக் கூட இதுல ஒரு தோரணம் கட்ட வுடலீங்க. இது அந்தம்மா சுவரு."

கோபம் எங்கே போயிற்று என்று தெரியவில்லை. அழுகை வருகிற மாதிரி இருந்தது. கேமராவைத் துடைக்கிற பாவனையில் குனிந்துகொண்டேன்.

மதியம் களியும் அவரைக்கொட்டைக் குழம்பும் போட்டார்கள். களியை மெல்லக்கூடாது, உருட்டிக் குழம்பில் தோய்த்து விழுங்கவேண்டும் என்று மாரப்பன் செய்து காட்டினார். எஸ்பெரான்சா அதை ரொட்டி மாதிரி தட்டி, அடுப்பில் போட்டுச் சுட்டுத் தின்றார் என்று சொல்லி இருவரும் சிரித்தார்கள். படத்தில் என்னவெல்லாம் இருந்தது என்று கேட்டேன்.

"நாங்க எல்லாருந்தான் இருந்தோம்" என்றார் தாயம்மாள். "கெணறு, எருமை, சோளத்தட்டு. நடுவுல எங்க மாமியா. அப்ப இருந்தாங்க. பக்கத்துலயே அந்தம்மாவோட ஆத்தா, அவங்க ஊருச் சீலை போத்திக்கிட்டு. ரெண்டு பேரும் ஒரே மொறத்தப் புடிச்சுப் பொடைக்கற மாதிரி. எங்க மாமியா யாரு கூடயும் ஒண்ணா மொறம் புடிச்சவங்க இல்லீங்க. அதப் பாத்துட்டு நாலு நாளு சிரிச்சாங்க."

அப்போதுதான் எனக்குப் புத்தியில் உறைத்தது. ஈரச் சாந்தில் வரைந்த படம் மேலே ஒட்டிக்கொண்டிருப்பதில்லை. சுண்ணாம்பு காய்கிறபோது நிறத்தையும் சேர்த்து உள்ளே இழுத்துக்கொள்கிறது. படம் போகவில்லை. இத்தனை பொங்கல் வெள்ளைக்கும் அடியில் பத்திரமாக இருக்கிறது. சுரண்டினால் வரும். நான்தான் அந்த வேலையைக் கிழவரிடம் கற்றவன் ஆயிற்றே. இதற்காகவே என்னைப் படிக்க வைத்த மாதிரி இருந்தது.

கேட்டேன். மாரப்பன் மனைவியைப் பார்த்தார். தாயம்மாள் யோசித்துவிட்டு, "கீழ ஓரமா கொஞ்சம் சுரண்டிப் பாருங்க" என்றார். நாளைக்கு விடிந்தால் வெள்ளையடிக்க வேண்டும், அதற்குள் முடித்துக்கொள்ளவேண்டும்.

துணியை நனைத்து ஒற்றி ஒற்றி, காய் நறுக்கும் கத்தியின் முனையால் ஏடு ஏடாக எடுத்தேன். வெள்ளைக்குக் கீழே வெள்ளை, அதற்கும் கீழே வெள்ளை. நீலம் போட்ட வெள்ளை, போடாத வெள்ளை. கடைசி ஏடு உரிந்ததும் ஏரிக்கரை மண்ணின் சிவப்பு தெரிந்தது. இன்னும் கொஞ்சம் உரித்தேன். ஒரு பாதம். மண்ணில் பதிந்த அகலமான பாதம், இரண்டாம் விரலில் மெட்டி. எஸ்பெரான்சாவின் கோடு அது, தகரத் துண்டுகளில் நான் பார்த்த அதே கோடு. இங்கே பயமில்லாமல், இடம் கிடைத்த சந்தோஷத்தில் போயிருந்தது.

தாயம்மாள் குனிந்து பார்த்தார். தன் காலைப் பார்த்தார். மறுபடி சுவரைப் பார்த்தார்.

"ஐயோ, எங் காலுங்க!" என்று வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். "அன்னிக்குப் புது மெட்டி. கெணத்துலேர்ந்து கொடத்தோட வந்தவள அப்புடியே நிக்கச் சொல்லிட்டாங்க. இடுப்பு கழண்டு போச்சு."

நான் மேலே சுரண்ட ஆரம்பித்தேன். புடவைக் கரையின் ஒரு நூல் அகலம் தெரிந்தது. சாயங்காலத்துக்குள் முழு ஆளும் வந்துவிடும், நாளைக்குள் முறமும் மாமியாரும் வந்துவிடுவார்கள், போகியை ஒருநாள் தள்ளச் சொல்லிக் கெஞ்சலாம் என்று மனசு ஓடியது. தாயம்மாள் சிரிப்பை நிறுத்திவிட்டுக் கேட்டார்.

"முழுசும் சுரண்டப் போறீங்களா?"

"ஆமாங்க. படம் எடுத்து அனுப்பணும். அவங்க நாட்டுல யாரும் நம்பலை, இவங்க சுவத்துல படம் போட்டாங்கன்னு."

"எதுக்குங்க நம்பல? அங்க சுவத்துல போட்டிருப்பாங்கல்ல?"

"அங்க அவங்களுக்கு யாரும் சுவர் குடுக்கலைங்க."

"ஒரு சுவரு கூடவா?"

"ஒண்ணு கூட."

தாயம்மாள் அந்த வெள்ளைச் சுவரை மேலிருந்து கீழ்வரை பார்த்தார். பிறகு மெதுவாக, எனக்கு ஏதோ தெரியாததை எடுத்துச் சொல்கிற தோரணையில் சொன்னார்.

"அப்ப இதச் சுரண்டிட்டா, அவங்க வந்தா எங்கீங்க போடுவாங்க?"

கத்தி என் கையிலேயே நின்றுவிட்டது. அவர் வரமாட்டார், எழுந்து உட்காரவே இருவர் வேண்டும் என்று சொல்லியிருக்கலாம். சொன்னால் சுவர் முழுக்க எனக்குத்தான். கத்தியைக் கீழே வைத்துவிட்டேன். நான் ஊரில் இல்லாத நாலு வருடத்தில் என் கட்டில் கிடந்த இடத்தில் மேஜை வந்துவிட்டது. இங்கே கடல் தாண்டிப் போன ஒருத்திக்காக ஒரு குடும்பம் பத்துப் பன்னிரண்டு பொங்கலாக ஒரு ஆணிகூட அடிக்காமல் இருக்கிறது. அதை அழித்துவிட்டு நான் எதை நிரூபிக்கப் போகிறேன்?

பாதத்தை மட்டும் படம் எடுத்துக்கொண்டேன். அன்று மாலை மாரப்பன் வண்டிக்கொட்டகையில் எனக்குக் கட்டில் போட்டார்.

விடிந்ததும் வீடே அமளிப்பட்டது. தாயம்மாள் சொன்னபடி முதலில் அந்தச் சுவர்தான். ஏணியில் நின்று மேலிருந்து கீழாக மட்டையை இழுத்துக்கொண்டே வந்தார். பாதம் இருந்த இடத்துக்கு வந்ததும் என்னைப் பார்த்துச் சிரித்துவிட்டு, ஒரே இழுப்பில் தன் காலை மூடினார். கிழவர் இருந்திருந்தால் துப்பாக்கியை எடுத்திருப்பார். சுவர் காய்ந்ததும் அதன் ஓரமாகத் தாயம்மாளை நிற்கவைத்து இன்னொரு படம் எடுத்தேன். "எனக்கு எதுக்குங்க" என்று கூச்சப்பட்டுக்கொண்டு நின்றார்.

பொங்கலுக்கு இருந்துவிட்டுப் போகச் சொன்னார்கள். விருந்தாளியிடம் எல்லோரும் சொல்வதுதானே என்று மறுத்துவிட்டேன். மாரப்பன் பொம்மிடி வரை வண்டியில் கொண்டுவந்து விட்டார். ரயில் பெட்டியில் கூட்டமே இல்லை. போகிற இடத்துக்கு எல்லோரும் போய்ச் சேர்ந்துவிட்டார்கள். ஜன்னலோரம், எதிர் இருக்கை எல்லாம் எனக்கே. காலை நீட்டி உட்கார்ந்துகொண்டு சென்னை வரை வந்தேன். அவ்வளவு தனியாக நான் மெக்சிகோவில்கூட இருந்ததில்லை.

திருவல்லிக்கேணி ஸ்டூடியோக்காரர் படங்களைக் கொடுக்கும்போது வருத்தப்பட்டார். "சார், ஒண்ணு சரியா விழலை. ஒரே வெள்ளையா இருக்கு. ஓரத்துல மட்டும் ஒரு அம்மா நிக்கிறாங்க. அதுக்குக் காசு வேணாம்."

இரண்டையும் அனுப்பினேன். நடந்ததையும் ஒளிக்காமல் எழுதினேன். பதில் எஸ்பெரான்சாவின் தம்பி மகள் கையெழுத்தில் வந்தது. புத்தகக்காரர்கள் பாதத்தைப் பார்த்தார்களாம். ஒரு பாதத்தைச் சுவரோவியம் என்று போட முடியாது என்று, முன்போலவே மரியாதையாகச் சொல்லிவிட்டார்களாம். புத்தகம் அவர் பெயர் இல்லாமலே வந்தது. பாதத்தின் படம் மேஜை இழுப்பறையில் இருக்கிறது. வெள்ளைப் படத்தை எஸ்பெரான்சா தன் கட்டிலுக்கு எதிரில் மாட்டச் சொல்லியிருக்கிறார். வருகிறவர்கள் என்ன இது வெறும் சுவர் என்று கேட்டால், "என்னுடையது" என்கிறாராம். கடைசியில் அவர் சொல்லச் சொல்லி எழுதிய வரி இது: "தாயாவிடம் சொல். வேறு யாரையும் அதில் எதுவும் போட விடவேண்டாம். நான் வருகிறேன்."

ஐப்பசி மழையில் இன்னொரு அட்டை வந்தது. தம்பி மகள்தான் எழுதியிருந்தாள். தூக்கத்திலேயே போய்விட்டாராம். அவர்கள் ஊர்ப் பண்டிகைக்குச் சில நாள் முன்னால்.

அந்தப் போகிக்கு நான் மறுபடி கடத்தூர் பேருந்தில் ஏறினேன். இந்தத் தடவை கையில் ஒரு கட்டுக் கரும்பு இருந்தது. யார் வீட்டுக்கு என்று கேட்டவரிடம் மாரப்பன் வீட்டுக்கு என்று சொல்ல முடிந்தது. வழி முழுக்க என்ன சொல்வது என்று யோசித்துக்கொண்டே போனேன். தாயம்மாள் ஏணி மேல் இருந்தார். நாலாவது சுவர் முடிந்து, ஈரம் மினுங்கியது. என்னைக் கண்டதும் மட்டையைச் சட்டிக்குள் போட்டுவிட்டு, போன வருடம் மாதிரியே எனக்குப் பின்னால் எட்டிப் பார்த்தார்.

"சொல்லி அனுப்புனாங்களா?"

"அனுப்பினாங்க" என்றேன். "வரேன்னு சொல்லச் சொன்னாங்க. வேற யாரையும் அதுல எதுவும் போட விடவேண்டாமாம்."

அவர் சொல்லச் சொன்னதைத்தான் சொன்னேன். செத்தவர்களுக்கும் நாற்காலி போட்டு வைக்கிற அவர் ஊர்க் கணக்கில் அது பொய்யும் இல்லை. தாயம்மாள் முந்தானையால் நெற்றி வேர்வையைத் துடைத்துக்கொண்டு, மட்டையை மறுபடி எடுத்தார்.

"மெதுவா வரட்டும்ங்க. சுவரு எங்க போயிரப் போவுது."